ஹட் புகார் சேவை: நேரடிப் பாகுபாட்டுக்குக் கைகொடுக்கும், விதி வழியாக வரும் பாகுபாட்டுக்கு நீங்கள்தான் உழைக்க வேண்டும்

அமெரிக்காவில் வீடு வாடகைக்குத் தேடும்போதோ, வாங்கும்போதோ, குடியிருக்கும் இடத்திலோ பாகுபாடு காட்டப்பட்டால் ஹட்டிடம் புகார் கொடுக்கலாம். ஹட் என்பது மத்திய அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை. காசு கட்ட வேண்டாம், வக்கீல் வைக்க வேண்டாம். துறையின் இணையதளத்தில் புகார்ப் படிவத்தை நிரப்பலாம், அல்லது 1-800-669-9777 என்ற எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம். இந்தச் சேவை எங்கே உதவும், எங்கே காலை வாரிவிடும் என்று பார்ப்போம்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே மதிப்பெண் போட முடியாத சேவை இது. ஒரு வீட்டுக்காரரோ லீசிங் ஆபீஸோ உங்கள் இனத்தையோ குழந்தைகளையோ பார்த்து வேறுவிதமாக நடத்தினால், அந்தப் புகாருக்கு 5-க்கு 4. எல்லோருக்கும் ஒரே விதிதான் என்று சொல்லிக்கொண்டே அந்த விதி ஒரு பிரிவினரை வாசலிலேயே நிறுத்திவிட்டால், அந்தப் புகாருக்கு 5-க்கு 2. இரண்டும் ஒரே சட்டத்தின் கீழ்தான் வருகின்றன, படிவமும் ஒன்றுதான். ஆனால் யார், எப்போது, உங்களுக்கு என்ன செய்தார் என்றே அந்தப் படிவம் கேட்கிறது. எந்த விதி, அது யாரையெல்லாம் எத்தனை பேரைத் தள்ளுகிறது என்று கேட்பதில்லை. அந்தப் பகுதியை நீங்களே எழுதிச் சேர்க்காவிட்டால் புகார் பாதியிலேயே நொண்டும்.

சட்டம் எதைக் காக்கிறது

ஃபேர் ஹவுசிங் சட்டம் 1968 ஏப்ரல் 11-ல் கையெழுத்தானது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இனம், நிறம், மதம், பூர்வீக நாடு என்று நான்கில் தொடங்கியது. 1974-ல் பாலினம் சேர்ந்தது. 1988 திருத்தத்தில் உடல் அல்லது மன இயலாமையும், 18 வயதுக்குட்பட்ட குழந்தைகளுள்ள குடும்பமும் சேர்ந்தன. மொத்தம் ஏழு. குடியுரிமை, விசா நிலை, வருமானம் எங்கிருந்து வருகிறது என்பது, சாதி ஆகியவை இந்த மத்தியப் பட்டியலில் தனியாக இல்லை. சில மாநிலங்களும் நகரங்களும் இவற்றில் சிலவற்றைச் சேர்த்திருக்கின்றன: கலிஃபோர்னியாவில் வாடகை வவுச்சர் (வாடகையில் ஒரு பகுதியை அரசே கட்டும் உதவி) வைத்திருப்பவரை அந்தக் காரணத்துக்காகத் தள்ள முடியாது, சியாட்டில் நகரம் 2023-ல் சாதியைச் சேர்த்தது. ஆகவே புகார் எழுதும் முன் உங்கள் மாநிலச் சட்டத்தையும் நகரச் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மத்தியச் சட்டத்தில் இடமில்லாத புகாருக்கு அங்கே இடம் இருக்கலாம்.

விலக்குகளும் உண்டு. உரிமையாளர் தானும் குடியிருக்கும், நான்கு குடித்தனம் வரையுள்ள சிறு கட்டடத்துக்குச் சட்டத்தின் பெரும்பகுதி பொருந்தாது. புரோக்கர் இல்லாமல் சொந்தக்காரரே தனி வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் ஓரளவு விலக்கு உண்டு. ஆனால் விளம்பரத்துக்கு இந்த விலக்குகள் கிடையாது. இனப் பாகுபாட்டைப் பொறுத்தவரை 1866-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1968-ல் ஜோன்ஸ் எதிர் மேயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது தனியார் விற்பனையையும் கட்டுப்படுத்தும் என்று சொல்லிவிட்டது. அந்தச் சட்டத்தில் மேற்சொன்ன விலக்குகள் இல்லை. ஆனால் அதன்கீழ் உள்நோக்கத்தை நிரூபித்தே தீர வேண்டும்.

உள்நோக்கம் என்றால் வெறுப்பு அல்ல

புகார் எழுதுபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். "அவருக்கு நம்மைப் பிடிக்காது" என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். சட்டம் கேட்பது அதுவல்ல. உங்கள் இனமோ மதமோ குழந்தைகளோ அந்த முடிவுக்குக் காரணமாக இருந்ததா என்பதுதான் கேள்வி. நல்லெண்ணத்தோடு செய்தாலும் அது உள்நோக்கப் பாகுபாடுதான். மூன்றாம் மாடி வீட்டைக் கேட்கும் குடும்பத்திடம், "பால்கனி இருக்கிறது, சின்னக் குழந்தைக்கு ஆபத்து, கீழ்த்தளத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அக்கறையோடு சொல்லும் மேனேஜரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் குழந்தை இருக்கிறது என்ற காரணத்துக்காக ஒரு வீட்டை மறுக்கிறார். ஆபத்தா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் பெற்றோர். அதேபோல, "குழந்தைகள் பெரியவர் துணையில்லாமல் முற்றத்தில் நிற்கக் கூடாது" என்ற பலகையில் குழந்தைகள் என்ற பிரிவே எழுத்தில் இருக்கிறது. அது பொது விதி இல்லை, நேரடிப் பாகுபாடாக வாதிடக்கூடியது. விளைவைக் காட்டும் புள்ளிவிவரம் எதுவும் அதற்குத் தேவையில்லை. இப்படிப்பட்ட பலகை இருந்தால் படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். புகாரின் முதல் இணைப்பு அதுவாக இருக்கட்டும்.

நேரடிச் சான்று இல்லாதபோது, வேலைவாய்ப்பு வழக்கான 1973-ன் மெக்டொனல் டக்ளஸ் தீர்ப்பிலிருந்து வந்த படிகளைத்தான் விசாரணையாளர் பயன்படுத்துவார். நீங்கள் பாதுகாக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்தவர், வீட்டுக்கு விண்ணப்பித்தீர்கள், தகுதி இருந்தது, மறுக்கப்பட்டீர்கள், வீடு அப்போதும் காலியாக இருந்தது. இந்த ஐந்தும் காகிதத்தில் இருந்தால், காரணம் சொல்லும் பொறுப்பு எதிர்த்தரப்புக்குப் போகிறது. அவர்கள் சொன்ன காரணம் உண்மையல்ல என்று காட்டுவது அடுத்த வேலை. அதற்கு உங்களிடம் இருக்க வேண்டியவை: விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட் தேதியோடு, அப்ளிகேஷன் கட்டண ரசீது, பேசியவரின் பெயர், மறுத்த நாளுக்குப் பிறகும் அதே வீடு இணையத்தில் காலி என்று இருப்பதன் ஸ்க்ரீன்ஷாட். இந்தக் கடைசி ஸ்க்ரீன்ஷாட்டை எடுக்காமல் விடுபவர்கள் ஏராளம். இரண்டு நாள் கழித்து விளம்பரம் போய்விட்டால், வீடு காலியாக இருந்தது என்பதற்கு உங்கள் வாய்ச்சொல் மட்டுமே மிஞ்சும்.

போனில் பேசியதைப் பதிவு செய்யும் முன் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் பேசுபவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளாமல் ரகசிய உரையாடலைப் பதிவு செய்வது குற்றம். அதற்குப் பதில் பேசி முடித்த உடனே, "இன்று நீங்கள் சொன்னபடி..." என்று தொடங்கி ஒரு ஈமெயில் அனுப்பிவிடுங்கள். அவர் மறுக்காமல் விட்டால் அதுவே சான்றாக நிற்கும்.

வீடு தேடுபவர் போலப் போய்க் கேட்கும் சோதனையாளர்களை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதைச் சட்டம் ஏற்கிறது. வாடகைக்கு எடுக்கும் எண்ணமே இல்லாமல் கேட்டுப்பார்த்தவரும், பொய்த் தகவல் சொல்லப்பட்டால் வழக்குப் போடலாம் என்று 1982-ல் ஹேவன்ஸ் ரியால்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இதை நண்பர்களை வைத்து அரைகுறையாகச் செய்யாதீர்கள். வருமானம், குடும்ப அளவு, கேட்ட தேதி, கேட்ட வீடு எல்லாம் பொருந்தி, சோதிக்கும் ஒரே ஒரு விஷயம் மட்டும் மாறினால்தான் ஒப்பீடு நிற்கும். ஒருவர் திங்களன்றும் இன்னொருவர் வியாழனன்றும் போனால், "நடுவில் வேறொருவர் எடுத்துக்கொண்டார்" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். தனியார் ஃபேர் ஹவுசிங் அமைப்புகள் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்களை வைத்திருக்கின்றன. ஹட் வாசலுக்குப் போகும் முன் உங்கள் ஊர் அமைப்பைக் கூப்பிடுவது நல்லது.

விதி வழியாக வரும் பாகுபாடு

மறுத்தவர் மனதில் எதுவும் இல்லாமல் இருக்கலாம். விதி எல்லோருக்கும் பொதுவாகவே எழுதப்பட்டிருக்கலாம். ஆனாலும் அது ஒரு பிரிவினரை அதிகம் பாதித்து, தேவையான காரணமும் இல்லையென்றால் சட்டமீறல்தான். இதை 2015 ஜூன் 25-ல் டெக்சாஸ் வீட்டுவசதித் துறை எதிர் இன்க்ளூசிவ் கம்யூனிட்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் உறுதி செய்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி கென்னடி ஒரு கடிவாளமும் போட்டார்: புள்ளிவிவரத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்று மட்டும் காட்டினால் போதாது, அந்த ஏற்றத்தாழ்வுக்கு இந்தக் குறிப்பிட்ட விதிதான் காரணம் என்று உறுதியாகக் காட்ட வேண்டும்.

ஹட் 2013-ல் வகுத்து, 2020-ல் மாற்றி, 2023-ல் மறுபடி நிலைநிறுத்திய விதிமுறையில் மூன்று படிகள். முதல் படி உங்களுடையது: விதியைக் குறிப்பிட்டு, அதன் விளைவைக் காட்ட வேண்டும். இரண்டாம் படி எதிர்த்தரப்பு: அந்த விதி முக்கியமான, நியாயமான ஒரு தேவைக்கு அவசியம் என்று அவர்கள் நிரூபிக்க வேண்டும். மூன்றாம் படி மறுபடி உங்களுடையது: அதே தேவையைப் பாதிப்புக் குறைந்த வேறு வழியில் நிறைவேற்றலாம் என்று காட்ட வேண்டும். பெரும்பாலான புகார்கள் முதல் படியிலேயே விழுகின்றன. விதியைச் சரியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடாததுதான் காரணம். "அவர்கள் வெளிநாட்டுக்காரர்களை எடுப்பதில்லை" என்பது விதி அல்ல. "வீட்டில் இருக்கும் 18 வயது நிறைந்த ஒவ்வொருவரும் சோஷியல் செக்யூரிட்டி எண் தர வேண்டும், மாற்று ஆவணம் ஏற்கப்படாது" என்பது விதி.

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் முட்டிக்கொள்ளும் விதி இது என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கலாம். எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தருவது) வரும் மனைவிக்கோ கணவருக்கோ வேலை அனுமதி இல்லாவிட்டால், அரசு தரும் தனிநபர் எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண் பொதுவாகக் கிடைக்காது. கிரெடிட் வரலாறும் (கடனைத் திருப்பிக் கட்டிய பதிவு) இருக்காது. ஆவணம் கேட்பதே சட்டமீறல் என்று சொல்ல முடியாது. எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டால் வீட்டுக்காரர் கேட்கலாம். விசா நிலை பாதுகாக்கப்பட்ட பிரிவும் இல்லை. ஆனால் அந்த விதி பூர்வீக நாட்டின் அடிப்படையில் ஒரு பிரிவினரைப் பெரிய அளவில் வெளியே தள்ளினால் விளைவு வழக்குக்கு, அதாவது உள்நோக்கத்தைக் காட்டாமல் விதியின் விளைவை வைத்தே தொடுக்கும் வழக்குக்கு, இடம் உண்டு. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸில் ஒரு மொபைல் ஹோம் பார்க் (நகர்த்தக்கூடிய வீடுகளின் குடியிருப்பு), குடியிருக்கும் பெரியவர்கள் எல்லோரும் சட்டபூர்வமாக நாட்டில் இருப்பதற்கான ஆவணம் தர வேண்டும் என்றது. ரேயஸ் எதிர் வேப்பிள்ஸ் வழக்கில் 2018-ல் நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், விளைவு வழக்காக அது நிற்கும் என்றது. வர்ஜீனியாவில் ஆவணமற்றவர்களில் 64.6 சதவீதம் லத்தீன் அமெரிக்கர்கள், அவர்கள் இந்த விதியால் பாதிக்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பத்து மடங்கு என்ற கணக்கு அங்கே கைகொடுத்தது. ஆவணமற்றவர்களுக்கு அடைக்கலம் கொடுத்ததாக வழக்கு வரும் என்று பார்க் சொன்ன காரணத்தை அதே நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஏற்கவில்லை.

உங்கள் புகாரை இதே வரிசையில் அடுக்குங்கள். விதியின் சரியான வாசகம், அது எழுதப்பட்டிருக்கும் பக்கம். எந்தப் பிரிவு எப்படித் தள்ளப்படுகிறது. அதே தேவைக்கு வேறு வழி: பாஸ்போர்ட்டும் விசாவும், சம்பளக் கடிதம், முந்தைய வாடகை ரசீதுகள், கூடுதல் டெபாசிட் (மாநில உச்சவரம்புக்குள்), குடும்பத்தில் சம்பாதிக்கும் ஒருவரின் கிரெடிட்டை மட்டும் பார்ப்பது. மூன்றாம் படி நீங்கள் பின்னால் நிரூபிக்க வேண்டியதுதான் என்றாலும், முதல் நாளே எழுதிவிட்டால் சமரசப் பேச்சில் அதுவே தீர்வாக மேசைக்கு வரும்.

புள்ளிவிவரத்தில் எங்கே தப்பு நடக்கிறது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. "ஒரு படுக்கையறைக்கு ஒருவர்" என்ற விதியுள்ள இரண்டு படுக்கையறை வீடுகள். குழந்தையில்லாத 120 குடும்பங்களில் 108 தேறுகின்றன, அதாவது 90 சதவீதம். குழந்தையுள்ள 80 குடும்பங்களில் 24 தேறுகின்றன, 30 சதவீதம். ஒப்பிட வேண்டியது இந்த 90-ஐயும் 30-ஐயும். பலர் செய்யும் தவறு, "தள்ளப்பட்ட 68 பேரில் 56 பேர் குழந்தை உள்ளவர்கள்" என்று மட்டும் எழுதுவது. மொத்தத்தில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. விண்ணப்பப் பட்டியல் உங்கள் கையில் இருக்காது. விசாரணையாளர்தான் கேட்டு வாங்க முடியும். எனவே "கடந்த இரண்டு ஆண்டு விண்ணப்பங்கள், ஏற்பு, மறுப்பு, மறுத்த காரணம்" ஆகியவற்றைக் கேட்டு வாங்கும்படி புகாரிலேயே வேண்டுங்கள். அதுவரை சென்சஸ் அலுவலகத்தின் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயில் உங்கள் கவுன்டியின் வாடகைக் குடும்பங்களின் கணக்கை எடுத்து இணைக்கலாம். நாடு முழுவதற்குமான கணக்கை இணைப்பது பலவீனம்; அந்த வீட்டுக்கு யதார்த்தத்தில் யார் விண்ணப்பிப்பார்களோ அவர்கள்தான் ஒப்பீட்டுக் கூட்டம்.

ஆள் எண்ணிக்கை விதிக்கு ஹட்டுக்குள் ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. 1991-ன் கீட்டிங் மெமோ, படுக்கையறைக்கு இரண்டு பேர் என்பது பொதுவாக நியாயம் என்கிறது. அறையின் அளவு, வீட்டின் அமைப்பு, குழந்தைகளின் வயது, கழிவுநீர் வசதியின் கொள்ளளவு, உள்ளூர் சட்டம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறலாம் என்றும் சொல்கிறது. நகராட்சியின் நியாயமான ஆள் வரம்புக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. வீட்டுக்காரர் தானே போட்ட வரம்புக்கு அந்த விலக்கு இல்லை. "நகர விதி" என்று லீசிங் ஆபீஸ் சொன்னால், எந்த விதி, எந்தப் பிரிவு என்று ஈமெயிலில் கேளுங்கள். பல நேரம் அந்தப் பதில் வராமலே போகும், அதுவும் புகாருக்கு உதவும்.

சாஃப்ட்வேர் போடும் மதிப்பெண்

இப்போது பல இடங்களில் மறுப்பது மனிதரே இல்லை. வாடகைக்குக் கேட்பவரின் பின்னணியைச் சோதிக்கும் டெனன்ட் ஸ்க்ரீனிங் நிறுவனம் ஒரு எண்ணைத் தருகிறது, மேனேஜர் அதைப் பார்த்து வருத்தம் தெரிவிக்கிறார். சேஃப்ரென்ட் நிறுவனத்தின் மீது மாசசூசெட்ஸில் நடந்த வழக்கில், வாடகை வவுச்சர் வைத்திருந்த கறுப்பின, ஹிஸ்பானிக் விண்ணப்பதாரர்கள் சொன்னது இதுதான்: மதிப்பெண் கிரெடிட் வரலாற்றுக்கு எடை கொடுக்கிறது, வவுச்சர் வாடகையின் பெரும்பகுதியை உறுதியாகக் கட்டுவதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. 2024-ல் சுமார் 22.75 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. 2022 ஜூனில் மெட்டாவுக்கு எதிராக நீதித் துறை போட்ட வழக்கில் வீட்டு விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று அல்காரிதம் தீர்மானித்ததை உள்நோக்கம், விளைவு என்ற இரண்டு வகையிலும் குற்றம் சாட்டினார்கள். 1,15,054 டாலர் அபராதத்தோடு விளம்பர முறையையும் மாற்ற வேண்டி வந்தது. ஒரே நடப்பை இரண்டு வகையிலும் எழுதலாம் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டாம்.

ஸ்க்ரீனிங் ரிப்போர்ட்டை வைத்து மறுத்தால், ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டப்படி அதைச் சொல்லும் அறிவிப்பும் நிறுவனத்தின் பெயரும் உங்களுக்குத் தர வேண்டும். 60 நாளுக்குள் கேட்டால் ரிப்போர்ட் இலவசம். அதை வாங்காமல் புகார் எழுத உட்காராதீர்கள். வேறொருவரின் வழக்கு உங்கள் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது பாகுபாடு அல்ல, தகவல் பிழை, அதற்குத் தீர்வு வேறு. டெக்சாஸ், வாஷிங்டன் மாநிலங்களில் தேர்வு அளவுகோல்களை விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மற்ற இடங்களிலும் கேட்டுப் பாருங்கள், நிறைய ஆபீஸ்கள் தந்துவிடுகின்றன.

உள்நோக்கமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்

மூன்று வகைப் புகார்களுக்கு இரண்டுமே தேவையில்லை, ஹட் இவற்றை நன்றாகவே கையாள்கிறது. விளம்பரத்தில் ஒரு பிரிவுக்கு முன்னுரிமை தெரிந்தால், சாதாரண வாசகர் படித்து என்ன புரிந்துகொள்வார் என்பதே அளவுகோல். எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்று காட்ட வேண்டியதில்லை. இயலாமை உள்ளவர் கேட்ட நியாயமான ஏற்பாட்டை மறுத்தால் அதுவே மீறல். 1991 மார்ச் 13-க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட குடித்தனமுள்ள கட்டடத்தில் சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு இல்லையென்றால், கட்டியவர் எவ்வளவு நல்லவர் என்பது கேள்வியே இல்லை.

புகார் போன பிறகு

புகார் தாக்கலான 10 நாளுக்குள் எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போகும். அதற்கு முன் ஹட் ஊழியர் ஒருவர் உங்களிடம் பேசி, முறையான புகாரை அவர் வார்த்தையில் எழுதி, கையெழுத்துக்கு அனுப்புவார். முழுச் சேவையிலும் மிக முக்கியமான காகிதம் இதுதான். நீங்கள் நான்கு பக்கம் எழுதிய விதிப் பிரச்சினை இதில் "பூர்வீக நாட்டின் காரணமாக வாடகைக்கு மறுத்தார்" என்று ஒரு வரியாகச் சுருங்கி வருவது உண்டு. அப்படியே கையெழுத்துப் போட்டால் விசாரணை முழுக்க மேனேஜரின் மனதைத் தேடும். மனதில் எதுவும் கிடைக்காது. "நியாயமான காரணம் இல்லை" என்று கோப்பு மூடப்படும். விதியின் வாசகத்தையும், அதன் விளைவையும் தனிப் பத்தியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தாலும் புகாரைத் திருத்த விதிமுறையில் இடம் உண்டு.

விசாரணைக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு 100 நாள். பல கோப்புகள் அதைத் தாண்டிவிடுகின்றன. தாண்டினால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம், எனவே 101-ஆம் நாள் கேளுங்கள். உங்களுக்கு அந்த வீடே வேண்டும் என்றால் இந்த 100 நாள் ஒத்துவராது. விஷயம் தெரியாத இன்னொருவர் லீஸ் போட்டுக் குடிவந்துவிட்டால் பிறகு வரும் எந்த உத்தரவும் அவரை வெளியேற்றாது. அவசரம் இருந்தால் உடனடி நீதிமன்ற நடவடிக்கை கேட்டு முதல் போனிலேயே சொல்ல வேண்டும், அல்லது வக்கீலோடு நேராகக் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

எல்லாக் கட்டத்திலும் சமரசப் பேச்சு நடக்கும். அங்கே பேசியதை இரு தரப்பும் எழுத்தில் சம்மதிக்காமல் பின்னால் சான்றாகப் பயன்படுத்த முடியாது, அதனால் மனம்விட்டுப் பேசலாம். ஆனால் சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், அதை அமல்படுத்தக் கேட்பதைத் தவிர அதே விஷயத்துக்குத் தனியாக வழக்குப் போட முடியாது. விதிப் புகாராக இருந்தால் பணத்தை மட்டும் பார்க்காமல் விதி மாற்றத்தை எழுத்தில் கேளுங்கள். விளைவு வழக்கில் தீர்வு அந்த நடைமுறையை நீக்குவதில் குவிய வேண்டும் என்று 2015 தீர்ப்பே சொல்கிறது.

பாகுபாடு நடந்ததாக நம்ப நியாயமான காரணம் உண்டு என்று ஹட் முடிவு செய்து குற்றச்சாட்டுப் பதிவு செய்தால், 20 நாளுக்குள் யாராவது ஒரு தரப்பு மத்திய நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது நீதித் துறையின் வக்கீல்கள் உங்கள் சார்பில் வழக்குப் போடுவார்கள், அங்கே தண்டனை இழப்பீடும் (தவறு செய்தவரைத் தண்டிக்க உங்களுக்குக் கூடுதலாகக் கட்டவைக்கும் தொகை) கிடைக்கலாம். தேர்ந்தெடுக்காவிட்டால் நிர்வாக நீதிபதி விசாரிப்பார். அங்கே இழப்பீடும் அபராதமும் உண்டு. தண்டனை இழப்பீடு இல்லை. அபராதம் அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது.

2 மதிப்பெண்ணுக்கு இன்னொரு காரணம்

2025 ஏப்ரல் 23-ல் அதிபர் பிறப்பித்த 14281-ஆம் நிர்வாக ஆணை, விளைவை மட்டும் அடிப்படையாகக் கொண்ட அமலாக்கத்துக்கு முன்னுரிமையைக் குறைக்கும்படி மத்தியத் துறைகளுக்குச் சொன்னது. ஆணையால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையோ சட்டத்தையோ மாற்ற முடியாது. உங்கள் வழக்கு உரிமை அப்படியே இருக்கிறது. ஆனால் விளைவை மட்டும் சொல்லும் புகாரை மத்தியத் துறை ஆர்வத்தோடு எடுக்கும் என்று இப்போது எதிர்பார்ப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஹட் அங்கீகரித்த மாநில அமைப்பு உங்கள் ஊரில் இருந்தால் ஹட்டே புகாரை அங்கே அனுப்பும். கலிஃபோர்னியாவைப் போல மாநில விதிமுறையிலேயே விளைவுப் பாகுபாடு எழுதப்பட்டிருக்கும் இடத்தில் நேராக மாநில அமைப்புக்கே போவது மேல்.

மற்ற இடங்களில் ஒரே புகாரில் இரண்டு வகையையும் எழுதுங்கள். பொது விதிக்குப் பின்னாலும் உள்நோக்கத்துக்கான தடயம் இருக்கலாம். எங்கே தேட வேண்டும் என்று 1977-ன் ஆர்லிங்டன் ஹைட்ஸ் தீர்ப்பு சொல்கிறது: முடிவின் வரலாறு, அது வந்த நேரம், வழக்கமான நடைமுறையிலிருந்து விலகியது, எடுத்தவர்கள் பேசிய பேச்சு. கத்ரீனா புயலுக்குப் பிறகு லூசியானாவின் செயின்ட் பெர்னார்ட் பாரிஷ் (அங்கே கவுன்டிக்குப் பெயர் பாரிஷ்), 2006-ல் சிறப்பு அனுமதி இல்லாமல் ரத்த உறவினருக்கு மட்டுமே வீட்டை வாடகைக்கு விடலாம் என்று சட்டம் போட்டது. இனத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஆனால் வீட்டுச் சொந்தக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். பின்னர் அங்கே அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் போட்ட தடையில் உள்நோக்கமும் விளைவும் இரண்டுமே இருந்தன என்று மத்திய நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பளித்தது. உங்கள் அளவில் இதற்குச் சமமான கேள்விகள்: இந்த விதி எப்போது வந்தது, அதற்கு முன் யாருக்காவது தளர்த்தினார்களா, நீங்கள் கேட்ட பிறகு வந்ததா? ஒருவருக்கு மட்டும் தளர்த்தியதற்குச் சான்று இருந்தால் விளைவுப் புகார் உள்நோக்கப் புகாராகவும் மாறிவிடும்.

கெடு: ஹட்டுக்கு 1 ஆண்டு, மத்திய நீதிமன்றத்துக்கு 2 ஆண்டு. ஹட் விசாரணை நடக்கும் காலம் அந்த 2 ஆண்டுக் கணக்கில் சேராது. ஹட் காரணமில்லை என்று மூடினாலும் நீங்கள் கோர்ட்டுக்குப் போகலாம். மூடிய பிறகு இறுதி விசாரணை அறிக்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், புகார் கொடுத்தவருக்கு அந்த உரிமை உண்டு. நீங்கள் எட்ட முடியாமலிருந்த விண்ணப்பப் பட்டியல் கேட்டு வாங்கப்பட்டிருந்தால் அதன் விவரம் அந்த அறிக்கையில்தான் கிடைக்கும், வக்கீல் முதலில் கேட்பதும் அதைத்தான்.